பாசி தின்னும் உயிர்களைப் பற்றி நீ கேட்டதற்கு

தம்பி,

நீ அனுப்பிய போட்டோவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு விரித்து விரித்துப் பார்த்தேன். உன் வீட்டுக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிற அந்தக் கடல்நீர்த் தொட்டி வாங்கிய புதிதில் அழகாகத்தான் இருந்திருக்கும். இப்போது கல்லெல்லாம் பச்சை முடி முளைத்தது போலப் பாசி பிடித்துக் கிடக்கிறது. நத்தை, நண்டு, முள்ளி என்று ஒரு கூட்டத்தையே வாங்கிப் போடச் சொல்கிறார் கடைக்காரர், எதை எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்டாய். போனிலேயே சொல்லியிருப்பேன், வாயும் எடுத்தேன். அதற்குள் நீ, "நான் காலையில போனா இருட்டுனப்பறந்தாம்மா வர்றேன். பவித்ராவுக்குப் பொழுது போகட்டும்னுதான் இதை வாங்குனேன்" என்றாய். என் மருமகளைப் பற்றி அதைக் கேட்டபிறகு எனக்கு நத்தையைப் பற்றிப் பேச வரவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் இது போனில் சொல்கிற விஷயமாகத் தெரியவில்லை. நீ ரோட்டில் போய்க்கொண்டே பேசுவாய், நடுவில் இன்னொரு கால் வரும். எழுதினால் உட்கார்ந்து படிப்பாய். உன் கேள்விக்கான பதில் இதற்குள்ளேதான் இருக்கிறது. ஆனால் வரிசையாக வராது, பொறுத்துக்கொள்.

நம் வீட்டிலும் அப்படி ஒரு தொட்டி இருந்தது உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம். நீ நடை பழகிய காலத்தில் அதன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பாய். ஆனால் நீ பார்த்தது நாங்கள் இரண்டாம் தடவை போட்டது. முதல் தடவை போட்டது நீ பிறப்பதற்கு முன்னால். அந்தக் கதையை உன் அப்பாவும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. சொல்ல வேண்டிய இடம் வரவில்லை, அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி நான் கடலோர ஊரான மண்டபத்திலிருந்து கொடைக்கானலுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பெண்கள், எனக்கு அடுத்தவனாக உன் செல்வம் மாமா. ரயில்வே குவார்ட்டர்ஸ். ஒருத்தி தலை பின்னும்போது ஒருத்தி சண்டை போடுவாள், ஒருத்தி பாடுவாள். அப்பா வந்து அதட்டினால் ஒரு நிமிஷம் அமைதி, பிறகு எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் சிரிப்பு வரும். அந்த இரைச்சலில் பிறந்து வளர்ந்தவள் நான். வந்து சேர்ந்ததோ ஏரியைத் தாண்டி மேலே ஏறுகிற சாலையில், இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கிற பங்களாக்களுக்கு நடுவில் இருந்த வீடு. அந்தப் பங்களாக்காரர்கள் சீசனுக்குத்தான் வருவார்கள். ஏப்ரல், மே முடிந்தால் கேட்டில் சங்கிலி போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தச் சாலையில் மட்டக்குதிரை ஓட்டிக்கொண்டு போகிறவனும், விறகு சுமந்து போகிற பெண்களும்தான். அவர்களும் குளிருக்கு முக்காடு போட்டுக்கொண்டு தலை குனிந்தே போவார்கள்.

உன் அப்பா பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். வத்தலக்குண்டுக்காரர், அதிகம் பேசாதவர், யார் மனதும் நோக நடக்காதவர். வெள்ளனே கிளம்பிவிடுவார். பாடம் முடிந்தால் லேப், லேப் முடிந்தால் ஹாஸ்டல் பையன்களுக்குப் படிப்பு நேரத்து மேற்பார்வை. வீடு திரும்பும்போது இருட்டி, மூட்டம் வாசலுக்கே வந்திருக்கும். சாப்பிடுவார், நன்றாக இருக்கிறது என்பார், படுத்துவிடுவார். ஒரு குறை சொல்ல முடியாது. குறை சொல்ல ஏதாவது இருந்திருந்தால்கூட அதைப் பற்றி நாலு வார்த்தை பேசியிருக்கலாம் என்று தோன்றும். நான் பாலிடம் பேசினேன், பொங்காதே என்று. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் என்றால் வணக்கம் என்று திருப்பிச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு பைன் மரம். அதை மூட்டம் மறைப்பதும் விடுவதும்தான் எனக்குப் பகல்.

நான் இளைத்துப்போவதை அவர் கவனித்தார். அதையும் சொல்ல வேண்டும், கவனித்தார். "ஏம்மா, கடல் ஞாபகமா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டார். எனக்குக் கடல் ஞாபகமே வரவில்லை தம்பி. கடல் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது, யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். ஆட்கள் ஞாபகம்தான். ஆனால் அதை எப்படிச் சொல்வது? உங்களோடு இருக்கும்போது தனியாக இருக்கிறேன் என்று புதுப் பெண்டாட்டி சொன்னால் அவர் என்ன நினைப்பார்? "ம்" என்று சொல்லிவைத்தேன். அந்த ஒரு "ம்"மில்தான் எல்லாம் தொடங்கியது.

அந்தச் சமயத்தில் அவர் பள்ளியில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார வாத்தியார் ஊருக்குத் திரும்பினார். அவர் விட்டுப்போன சாமான்களில் ஒரு கண்ணாடித் தொட்டி, காற்று அடிக்கிற மோட்டார், தண்ணீரைச் சூடாக வைக்கிற கம்பி எல்லாம் இருந்தன. உன் அப்பா அதைக் கேட்டு வாங்கிவந்தார். மண்டபத்துக்குத் தகவல் போயிற்று. உன் மாமா கேன் கேனாகக் கடல்தண்ணீரை மதுரை வழியாகப் பஸ்ஸில் ஏற்றி, வத்தலக்குண்டில் மாறி, மலை ஏறிவந்து சேர்ந்தான். கூடவே ஈரச் சாக்கில் சுற்றிய பாறைக்கற்கள். ஒரு தூக்குவாளியில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன். "கண்டக்டர் என்னைய எறக்கி விடப் பாத்தாருக்கா. பஸ்ஸுக்குள்ள ஒரே கருவாட்டு நாத்தம்னாரு" என்று சிரித்தான். அவன் இருந்த வரை வீட்டில் சத்தம் இருந்தது. அவன் போன பஸ் திருப்பத்தில் மறைந்ததும் திரும்பவும் பைன் மரம்.

தொட்டியைக் கூடத்து ஜன்னல் ஓரத்தில் வைத்தார், எனக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று. முதலில் கல்லின் மேல் பழுப்பாக ஒரு தூசு படர்ந்தது. உன் தொட்டியிலும் ஆரம்பத்தில் அப்படி வந்திருக்கும். புதுத் தொட்டியில் அது வரும், தானாகவே போகும். அதற்காக எந்த உயிரையும் வாங்காதே. அது போனதும் கண்ணாடியில் பச்சைப் படலம் வந்தது, அதன்பிறகு முடிப்பாசி. ஜன்னல் வெயில் நேராக விழுந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், பொழுது போகாமல் நான் மீனுக்கு நினைத்தபோதெல்லாம் இரை போட்டது. மீன் தின்றது போக மிஞ்சியது அழுகிப் பாசிக்கு உரமாயிற்று. வேர் அங்கே இருந்தது. ஆனால் உன் அப்பா சுபாவம், ஒரு தொந்தரவு வந்தால் அதைத் தீர்க்க ஒன்றை வரவழைப்பது. புத்தகத்தைப் பார்த்தார், உன் மாமாவுக்குச் சொல்லியனுப்பினார், அடுத்த தடவை ஒரு டப்பா நிறைய நத்தை வந்தது.

நத்தை நல்ல பிராணி தம்பி. கண்ணாடியில் அது போன தடம் துணி வைத்துத் துடைத்தது போலத் தெளிவாக இருக்கும். அதன் வாய் திறந்து மூடுவதை இந்தப் பக்கமிருந்து பார்க்கலாம். ஆனால் எல்லா நத்தையும் ஒன்றல்ல. உருண்டையாக, கனமாக இருக்கிற சில நத்தைகள் மல்லாந்து விழுந்தால் தானாகத் திரும்பாது. யாரும் பார்க்காவிட்டால் அப்படியே செத்துத் தண்ணீரைக் கெடுத்துவிடும். பம்பரத்தைக் கவிழ்த்து வைத்தது மாதிரி கூம்பாக இருக்குமே, அந்த ஜாதி பெரும்பாலும் தானே புரண்டு எழுந்துகொள்ளும். நீ அதைக் கேட்டு வாங்கு, அதிலும் ஒன்றிரண்டு மட்டும். நாங்கள் போட்டதோ ஒரு கூட்டம். நான் கையை விட்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைப்பேன். மீன்களுக்குக்கூட என்னைத் தெரிந்துவிட்டது.

அடுத்து, பழைய சங்குக்குள் குடியிருக்கிற குட்டி நண்டுகள் வந்தன. கல் இடுக்கில் கிடக்கிற எச்சத்தையெல்லாம் அவை பொறுக்கித் தின்னும். ஆனால் அதுகளுக்கு வளர வளரப் பெரிய ஓடு வேண்டும். காலி ஓடுகளைத் தொட்டியில் போட்டுவைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. ஓடு தேடி நத்தையை இழுத்துத் தின்றுவிட்டு அதன் வீட்டுக்குள் ஏறிக்கொண்டன. பிறகு ஒரு கடல் முள்ளி, உடம்பெல்லாம் ஊசி ஊசியாக முள் நிற்கிற உருண்டைப் பிராணி. அது பாசியோடு நிற்காமல் கல்லின் மேல் அழகாகப் படிந்திருந்த ஊதா மேல்பூச்சையும் சேர்த்துச் சுரண்டியது. முண்டி முண்டி, அடுக்கிவைத்த கல்லையெல்லாம் சரித்தது. சின்னத் தொட்டிக்கு அது ஆகாது. கடைசியாகக் கடல் முயல் என்கிற ஒன்று. முதுகெலும்பில்லாத, கொழகொழவென்ற, பார்க்கப் பாவமான பிராணி. முடிப்பாசியை மேய்ந்து மேய்ந்து கொஞ்ச நாளில் தொட்டியையே பளிச்சென்று ஆக்கிவிட்டது. உன் அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்கப்புறம் அது தின்ன ஒன்றுமில்லை. கண்ணாடி ஓரமாகவே சுற்றிச்சுற்றி வந்தது. கீரை போட்டுப் பார்த்தேன், தொடவில்லை. நாளுக்கு நாள் சுருங்கி, ஒரு காலையில் மூலையில் கிடந்தது. கடைக்காரர் அதைக் காட்டினால் வாங்காதே. அவசரம் என்றால் பாசி தீரும்வரை மட்டும் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று கேட்டுப்பார்.

அவர் சாயங்காலம் வந்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தொட்டிக்குத்தான் போவார். "இன்னிக்கு என்ன செய்யுதுங்க?" என்பார். நத்தை எங்கே ஏறியது, நண்டு எதை இழுத்தது என்று நான் சொல்வேன். கேட்டுக்கொள்வார். அதுதான் எங்கள் பேச்சு. ஒருநாள்கூட "நீ என்ன செஞ்ச?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நடுவில் ஒரு மழைக்காலம் எனக்கு நன்றாகப் போனது. பக்கத்துப் பங்களாவுக்குக் காவலாக ஒரு குடும்பம் வந்தது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். புருஷன் தோட்ட வேலைக்குப் போவான். அவள் பெயர் ராசம்மா. என் வயதுதான் இருக்கும். அடுப்புக்கு நெருப்பு கேட்டு வந்தவள் தொட்டியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னங்கம்மா இது? நாங்க கப்பல்ல வரக்குள்ளகூட இதெல்லாம் பாக்கலியே!" என்றாள். உள்ளே வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "வாய் உள்ளதெல்லாம் இம்புட்டுக் கெடக்கு, பேசுறதுக்கு ஒண்ணுமில்லையே. மிச்சம் கஷ்டம்தாங்கம்மா ஒங்களுக்கு" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொன்னேன். அதிலிருந்து தினமும் வருவாள். தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளில் அவள் வளர்ந்த கதை, கப்பல் ஏறும்போது அழுத கதை, மண்டபம் முகாமில் வந்து இறங்கிய கதை. என் ஊரில்தான் அவள் இந்தியாவை முதலில் பார்த்திருக்கிறாள். நான் அந்த முகாமுக்கு எதிரில் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். அதைப் பேசிப் பேசி எங்களுக்குத் தீரவில்லை.

பிறகு அவள் புருஷனுக்குத் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. நல்ல சேதிதான். ஜீப் வந்து நின்றது. சட்டி பானையை ஏற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாறேங்கம்மா" என்றாள். தோட்ட வேலையை விட்டுவிட்டு அங்கேயிருந்து வந்துபோக முடியாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முன்னால் இருந்த தனிமை எனக்குப் பழகியிருந்தது. பேச ஒருத்தி வந்து போனபிறகு வந்த தனிமை வேறு மாதிரி இருந்தது. சமைப்பேன், தொட்டியைப் பார்ப்பேன், உட்காருவேன். ஒரு சாயங்காலம் உன் அப்பா வந்து வழக்கம்போல, "இன்னிக்கு என்ன செய்யுதுங்க?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமி இரண்டாம் தடவை முயன்றபோதுதான் குரல் வந்தது, அதுவும் யாருடையதோ போல. காலையிலிருந்து, ஏன், முந்தின சாயங்காலம் அவருக்குப் பதில் சொன்னதிலிருந்தே நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவர் சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டார். எனக்குப் பயமாகிவிட்டது தம்பி. இப்படியே இருந்தால் ஒருநாள் குரல் வராமலே போய்விடும் என்று நிஜமாகவே நம்பினேன்.

மறுநாள் அவர் கிளம்பிப் போனபிறகு பெட்டியில் நாலு சேலையை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். போகிற வழியில் பள்ளிக்கூடத்து வாட்ச்மேனிடம், "சார்கிட்ட நான் ஊருக்குப் போயிருக்கேன்னு சொல்லிருங்க" என்றேன். "எப்பம்மா திரும்ப?" என்றார். தெரியாது என்றேன்.

மண்டபத்தில் நான் நினைத்துப் போன வீடு அங்கே இல்லை. அக்காமார் எல்லோருக்கும் கல்யாணமாகி ஒவ்வொரு ஊர் போயிருந்தார்கள். கடைசித் தங்கையும் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். செல்வம் வேலைக்குப் போவான். அம்மாவும் அப்பாவும் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் படுத்துவிடுவார்கள். கிணற்றடியில் நின்று பார்த்தால் கடல்தான் தெரிந்தது. ஆனாலும் அம்மா இருந்தாள். மாப்பிள்ளை அடித்தாரா, திட்டினாரா, குடிக்கிறாரா என்று மாறி மாறிக் கேட்டாள். இல்லை, இல்லை, இல்லை என்றேன். "பெறகு என்னடி?" என்றாள். அடிக்காத, திட்டாத மனுஷனிடமிருந்து எதற்காக வந்தேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அந்த மாதம் மலையில் விடாத மழை. ரோடு பல இடத்தில் சரிந்து, பஸ் மேலே போகவில்லை என்று பேப்பரில் வந்தது. கரண்ட் கம்பியும் அறுந்துவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு முதலில் அவர் எப்படிச் சாப்பிடுவார் என்றும், அடுத்ததாக, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த மீன்களுக்குக் குளிருமே என்றும் தோன்றியது.

ரோடு திறந்ததும் அவர் வந்தார். முன்னறிவிப்பு இல்லை. நான் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் அந்த வெக்கையில் நின்றார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு அவளுக்கு முன்னாலேயே பேச ஆரம்பித்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"பள்ளிக்கூடத்தை மழைக்கு மூடிட்டாக. ஒரு சோலியும் இல்ல. வீட்டுலயே கெடந்தேன். கரண்டு இல்ல, தொட்டிக்கு மோட்டார் ஓடல. வெந்நி போட்டுப் பாட்டில்ல ஊத்தி உள்ள எறக்கிக்கிட்டே இருந்தேன், அப்பயும் ஒவ்வொண்ணாப் போயிருச்சு. மீனு செத்த அன்னைக்கு இதை யார்ட்டயாவது சொல்லணும்னு வெளிய வந்து பாத்தேன். அந்தப் பக்கம் பூட்டு, இந்தப் பக்கம் பூட்டு. சத்தம் போட்டுக் கூப்புட்டாக்கூட ஒரு மனுசன் இல்ல. உள்ள போயி உன் நாற்காலியில உக்காந்தேன். ஜன்னல் வழியா அந்த மரந்தான் தெரியுது." ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒரு வாரம் இருந்தேன், கிறுக்குப் புடிச்ச மாதிரி ஆகிருச்சு. நீ எப்படிம்மா இம்புட்டு நாளு இருந்த? ஏன் என்கிட்ட சொல்லல?"

"கடல் ஞாபகமான்னுதானே கேட்டீங்க" என்றேன். "ஆளு ஞாபகமான்னு கேக்கலியே."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவர் அந்த மிளகாய்க்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "இப்பக் கேக்குறேன்" என்றார். நான் சொன்னேன். பால், ரேடியோ, ராசம்மா, தொண்டையில் சத்தம் வராத அந்தச் சாயங்காலம் எல்லாம் சொன்னேன். நடுவில் அவர் ஒரு யோசனையும் சொல்லவில்லை. இதற்கு இன்னது செய்யலாம் என்று வாயெடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். மிளகாய் காய்ந்து சுருங்கிவிட்டது. எங்கள் கல்யாணம் அன்றைக்குத்தான் நடந்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

திரும்பி வந்தபிறகு அவர் ஹாஸ்டல் மேற்பார்வையை விட்டுவிட்டார். அதைச் செய்தவர்கள்தான் பிற்பாடு பள்ளியில் மேலே வந்தார்கள், இவர் வரவில்லை. அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆள் எடுப்பதைக் கேள்விப்பட்டுவந்து, "உனக்குத் தோதுப்படுமா பாரு, வேணாம்னா வேணாம்" என்றார். கூப்பிடுகிறவர்களுக்கு லைன் போட்டுக்கொடுக்கிற அந்த வேலை எனக்கு எப்படி இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்ல? காதில் மாட்டிக்கொண்டால் ஊரே பேசும். மன்னவனூர் ஆட்டுப் பண்ணையிலிருந்து ஒருத்தர், பண்ணைக்காட்டு வாழைக்காய் வியாபாரி, சீசனுக்கு வந்து தேனிலவில் சண்டை போட்டுக்கொண்டு அம்மாவைக் கூப்பிடுகிற பெண். "கொஞ்சம் வெரசா போடுங்கம்மா" என்பார்கள். நீ வயிற்றில் இருக்கும்போதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மனுஷக் குரலைக் கேட்டுக்கேட்டு வளர்ந்த பிள்ளை நீ.

தொட்டியை அதற்குப் பிறகு நிதானமாகத்தான் போட்டோம். ஜன்னல் ஓரத்திலிருந்து நகர்த்தினோம். இரையைக் குறைத்தோம். கையால் பறிக்க முடிந்த பாசியைக் கையால் பறித்தோம், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். பாசி தானாகத் தளர்ந்தபிறகுதான் நத்தை விட்டோம், அதுவும் ரெண்டே ரெண்டு. விடும்போது தொட்டித் தண்ணீரை அதன் பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்கித்தான் விட வேண்டும். சட்டென்று போட்டால் தாங்காது. மணலைக் கிளற, கோபுரம் மாதிரி நீண்ட குட்டி நத்தை கொஞ்சம். நண்டு ஒன்று, கூடவே காலி ஓடுகள். பாசி ரொம்பக் குறைந்துபோனால் நத்தை பட்டினி கிடக்கும், உலர்ந்த கடல்பாசித் துண்டு ஏதாவது கொடு. சிவப்பாக ஏடு மாதிரி படர்கிற ஒன்று வந்தால் அதைத் தின்ன நம்பிக்கையான பிராணி எதுவும் இல்லை, உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். மீனுக்கு நோய் என்று செம்பு கலந்த மருந்தை ஊற்றிவிடாதே, நத்தையெல்லாம் போய்விடும். அந்தத் தொட்டி உன் மாமா வெளிநாடு போகிறவரை இருந்தது. தண்ணீர் கொண்டுவர ஆள் இல்லாமல் பிறகு பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டோம். யாருக்கும் வருத்தமில்லை.

நீ பவித்ராவுக்குத் தொட்டி வாங்கியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பிரியமில்லாதவன் வாங்கமாட்டான். உன் அப்பாவும் பிரியத்தில்தான் வாங்கினார். ஆனால் திண்டுக்கல்லில் வகுப்பறை நிறையப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பெண் அவள். பாஷை தெரியாத ஊரில், பத்தாவது மாடியில், பகலெல்லாம் என்ன செய்கிறாள்? நான் போன் பண்ணினால் "நல்லாருக்கேன் அத்தை" என்கிறாள். அந்த வார்த்தைக்கு முன்னால் ஒரு சின்னச் செருமல் கேட்கிறது. எக்ஸ்சேஞ்சில் அத்தனை வருஷம் குரல் கேட்டவள் நான், அது சளி இல்லை. அவளிடம் மீனைப் பற்றிக் கேட்காதே. அவளைப் பற்றிக் கேள். கேட்டுவிட்டு உடனே ஒரு வழி சொல்லாதே. உனக்கும் உன் அப்பா புத்திதான்.

என்னைப் பற்றி நீ கவலைப்படுவாய் என்பதால் இதையும் எழுதுகிறேன். அவர் போனபிறகு நானும் தனிதான். இந்த வீட்டில் சில நாள் ஒரு வார்த்தை பேசாமல் பொழுது சாய்ந்துவிடுகிறது. ஆனால் இது வாழ்ந்து முடித்தபிறகு வருகிற தனிமை. இதை எனக்குத் தாங்கத் தெரியும். அவளுடையது ஆரம்பத்திலேயே வந்திருப்பது. அது ஆளை அரித்துவிடும்.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். நான் இந்த மலையை விட்டு எங்கேயும் வருவதில்லை என்று நீ குறைபட்டுக்கொள்வாயே, இந்தத் தடவை வருகிறேன். சென்னை போய் வண்டி மாறுகிறேன், செல்வத்தின் மகன் ஏற்றிவிடுவான். எவ்வளவு நாள் இருப்பேன் என்று இப்போது கேட்காதே. ஸ்டேஷனுக்கு நீ லீவு போட்டுக்கொண்டு காரோடு வந்து நிற்க வேண்டாம். பவித்ராவை அனுப்பு. வழி தெரியாது, பாஷை தெரியாது என்பாள். பரவாயில்லை, விசாரித்துக்கொண்டு வரட்டும். எனக்கும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோக்காரனிடம் கையையும் காலையும் ஆட்டிப் பேசி, நாலு தெரு தப்பாகச் சுற்றி, எப்படியாவது வீடு வந்து சேர்ந்துவிடுவோம். நேரமாகிவிட்டதே என்று போன் மேல் போன் போடாதே. பேசிக்கொண்டு வருகிறோம் என்று நினைத்துக்கொள்.

அம்மா